விரலை எடுத்த பிறகும்

பள்ளிக்கூடத்தில், கோவில் வாசலில், பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் என்று என்னைப் பார்க்கிற ஒவ்வொருவரும் வலது முழங்கைக்கு மேலே ஓடும் தழும்பைக் காட்டி, "இன்னா சார் இது?" என்று கேட்கிறார்கள். நானும் சொல்லத் தொடங்குவேன். 'எலக்ட்ரிக் ஸ்கேட்போர்டு' என்ற வார்த்தை வந்ததும் அவர்கள் முகம் மாறிவிடும். "உங்களுக்கு இன்னா வயசு ஆவுது சார்?" என்பதுதான் அடுத்த கேள்வியாக இருக்கும். எனக்கு அலுத்துவிட்டது. ஒரே தடவையாக எழுதிவைத்துவிட்டால் கேட்பவர் கையில் இந்தத் தாள்களைக் கொடுத்துவிட்டு நான் நிம்மதியாக டீ குடிக்கலாம்.

நான் திண்டிவனத்தில் ஓர் உதவி பெறும் பள்ளியில் கணக்கு வாத்தியார். அப்போது எனக்கு நாற்பது கடந்து சில வருஷம். ஐந்நூறு, ஆயிரம் நோட்டெல்லாம் செல்லாமல் போனதற்கு அடுத்த கோடை விடுமுறை. என் மனைவி ஸ்டெல்லாவின் தம்பி ஜெரோம் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வெல்டராக இருக்கிறான். அந்த வருஷம் லீவில் வந்தவன் கோடாலித் தைலம், சென்ட் பாட்டில், சாக்லேட் எல்லாம் பெட்டியில் கொண்டுவந்தான். கார்கோவில் தனியாக ஒரு நீளப் பார்சல் வந்தது. அதற்குள் இருந்தது அந்தப் பலகை.

பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். நாலு சக்கரம் வைத்த பலகை, அடியில் பேட்டரி, சக்கரத்தோடு மோட்டார். ஏறி நிற்க வேண்டும். பிடித்துக்கொள்ளக் கைப்பிடி கிடையாது, காலில் பிரேக் கிடையாது. கையில் ஒரு சின்ன ரிமோட் மட்டும் இருக்கும். அதில் கட்டை விரலுக்கு ஓர் உருளை. முன்னால் தள்ளினால் பலகை ஓடும், பின்னால் இழுத்தால் பிரேக் பிடிக்கும். விரலை எடுத்துவிட்டால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் உருளையை நடுவுக்குக் கொண்டுவந்துவிடும், பலகையும் மெல்ல ஓய்ந்து நின்றுவிடும். ஆக, மேலே நிற்பவனின் உயிர் அவனுடைய கட்டை விரலில் இருக்கிறது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. புரிந்துகொண்ட பிறகும் ஏறினேன்.

மரக்காணம் ரோட்டில், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை விளைந்த நிலத்தை வாங்கி பிளாட் போட்டிருந்தார்கள். நுழைவு வளைவு, கலர் கொடி, நேர்நேராகத் தார் ரோடு எல்லாம் இருந்தன. வீடு மட்டும் ஒன்றுகூட இல்லை. ஜெரோம் என்னை அங்கேதான் கூட்டிப்போய்ப் பழக்கினான். நாலாவது நாளே நான் தனியாக ஓட்டினேன். சும்மா சொல்லக் கூடாது, நன்றாகத்தான் இருந்தது. இருபது வருஷம் கரும்பலகைக்கு முன்னால் நின்றவன் ஒரு பலகைமேல் நின்றுகொண்டு காற்றில் போகிறேன். எதிரில் வந்த ஆட்டுக்காரர் ஆடுகளை விட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஸ்டெல்லாவுக்கு இதில் சம்மதமில்லை. ஆனாலும் அவள் இரண்டு காரியம் செய்தாள். முதலாவது, ஹெல்மெட். "அது இல்லாம அந்த பலகமேல ஏறனீங்கன்னு கேள்விப்பட்டேன், ராத்திரி சோறு கெடயாது," என்றாள். இரண்டாவது, ரிமோட்டுக்குக் கவர் போட்டாள்.

எங்கள் வீட்டில் கவர் இல்லாத பொருள் கிடையாது. மிக்ஸிக்குக் கவர், பைபிளுக்குக் கவர், ரேஷன் கார்டுக்குக் கவர். டிவி ரிமோட்டை வாங்கிய அன்றே சட்டை டப்பாவில் வரும் மெல்லிய பிளாஸ்டிக் கவரில் போட்டு, மிச்சத்தை மடித்து, இரண்டு பக்கமும் ரப்பர் பேண்டு சுற்றிவிட்டாள். அதன் மேல்தான் அன்று முதல் அமுக்குகிறோம். சிரிக்காதீர்கள், உங்கள் வீட்டு ரிமோட்டும் அப்படித்தான் இருக்கும். ஜெரோமின் ரிமோட்டுக்கும் அதே மரியாதை நடந்தது.

"இதுக்கெல்லாம் எதுக்குக்கா?" என்றான் அவன்.

"வேர்வக் கையோட புடிச்சிக்கினு நிக்கிறீங்க. உள்ள தண்ணி பூந்துக்கினா ரிப்பேரு ஆவாது? சிங்கப்பூருக்கா போய் மாத்தினு வருவ?"

 அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அந்த வெயிலில் உள்ளங்கை எந்நேரமும் ஈரம்தான்.

விழுந்தது ஒரு சாயங்காலம். ஜெரோம் வளைவுப் பக்கம் இளநீர்க்காரரிடம் போயிருந்தான். ரிமோட்டில் ஒரு கயிறு இருக்கும், அதை வலது மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு நேர் ரோட்டில் கிளம்பினேன். ரோடு முடிகிற இடத்தில் ஜல்லிக் குவியல், அதற்குப் பின்னால் எல்லைக்கல். தூரத்திலேயே விரலை எடுத்தேன். பலகை ஓய வேண்டும். ஓயவில்லை. உருளையைப் பின்னால் இழுத்தேன், விரல் பிளாஸ்டிக்கின் மேல் வழுக்கியது. பலகை அதே வேகத்தில் போனது. குதித்திருக்கலாமே சார் என்று பிறகு ஊரே யோசனை சொன்னது. ஓடுகிற டவுன் பஸ்ஸிலிருந்து குதித்துப் பார்த்துவிட்டு அப்புறம் சொல்லட்டும். நான் கடைசி வரைக்கும் அந்த உருளையைத்தான் இழுத்துக்கொண்டிருந்தேன்.

ஜல்லியில் சக்கரம் நின்றது, நான் நிற்கவில்லை. ஹெல்மெட் கல்லில் மோதிய சத்தம் மண்டைக்குள் கேட்டது. வலது கை எனக்கு அடியில் திருகிக் கிடந்தது. வலி உடனே வரவில்லை. அந்தக் கை என்னுடையது என்ற எண்ணமே வரவில்லை. வெய்யில் தார்மேல் விழுந்திருப்பதைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். ஜெரோம் இளநீரைக் கீழே போட்டுவிட்டு ஓடிவருவது தெரிந்தது. துளிகூடப் பயம் வரவில்லை. எதுவுமே வரவில்லை.

முதலில் திண்டிவனம் அரசு ஆஸ்பத்திரி. விபத்து என்றால் பதிவேட்டில் எழுதியாக வேண்டும். டியூட்டி டாக்டர் இளைஞர்.

"எதுலருந்து விழுந்தீங்க?"

"ஸ்கேட்போர்டு சார்," என்றான் ஜெரோம்.

"வண்டி நம்பர்?"

"நம்பர்லாம் இல்ல சார். பலக சார் அது."

"பலகையிலருந்து விழுந்தார்னு எழுதனா, சாரம் கட்டி வெள்ள அடிச்சாரான்னு கேப்பாங்க தம்பி."

பேட்டரி, மோட்டார், ரிமோட் என்று ஜெரோம் விளக்கினான். டாக்டர் பேனாவைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் யோசித்தார். கடைசியில் என்ன எழுதினார் என்று நான் கேட்கவில்லை. பிறகு என் பக்கம் திரும்பி, "மணிக்கட்ட மேல தூக்குங்க," என்றார். தூக்கினேன். கை தொங்கிக்கொண்டே இருந்தது. "தூக்குங்க சார்." தூக்கிக்கொண்டுதான் இருந்தேன். என் பக்கத்திலிருந்து கட்டளை போகிறது, அங்கே யாரும் வாங்கிக்கொள்ளவில்லை. அந்த டாக்டர் முகம் அப்போதுதான் மாறியது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு விழுப்புரம் கொண்டுபோகச் சொன்னார்.

ஆம்புலன்ஸ் விக்கிரவாண்டி டோல்கேட்டைத் தாண்டும்போதுதான் வலி வந்தது. வந்தது முழுசாக வந்தது. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. எல்லோருக்கும் பல்வலியாவது வந்திருக்கும்.

விழுப்புரத்தில் ரயில்வே ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு தனியார் எலும்பு ஆஸ்பத்திரி. ஆம்புலன்ஸ் கிடைக்க நேரமாகிவிட்டதால், ஜெரோமின் போனைக் கேட்டதும் பஸ் பிடித்த ஸ்டெல்லா எங்களுக்கு முன்னாலேயே வந்து நின்றிருந்தாள். என் கையைப் பார்த்தாள். தொங்கிய மணிக்கட்டைத் தொட்டுத் தூக்கிவைத்தாள், அது மறுபடி விழுந்தது. வரவேற்பு ஹாலில் அத்தனை பேர் உட்கார்ந்திருக்க, தம்பியைப் பார்த்துக் கத்தினாள்.

"சிங்கப்பூருல சம்பாரிச்சி அக்கா வூட்டுக்கு எமன வாங்கினு வந்தியாடா? எழுதற கைடா அது! கேட்டுக்கோ, இந்தக் கை எழுந்திரிக்கிற வரைக்கும் நான் உன்கிட்ட ஒரு வார்த்த பேச மாட்டேன். மாதாமேல சத்தியம்!"

ஜெரோம் மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு மெடிக்கல் ஷாப்புக்குப் போனான். ஸ்டெல்லா மாதாமேல் சத்தியம் செய்து நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. என் கை விழுந்ததைவிட அந்தச் சத்தியம்தான் பெரிய விஷயம் என்று எனக்குப் பட்டது. ஆனால் பட்டதோடு சரி, எதுவும் சொல்லத் தோன்றவில்லை.

முதலில் தலைக்கு ஸ்கேன் எடுத்தார்கள். சுத்தமாக இருந்தது. இரண்டாகப் பிளந்திருந்த ஹெல்மெட்டைக் கையில் வாங்கிப் பார்த்த டாக்டர் அம்மா, "யாரு இத போடச் சொன்னது?" என்று கேட்டார். நான் ஸ்டெல்லாவைக் காட்டினேன். "அவங்களுக்குத் தேங்ஸ் சொல்லுங்க. இது இல்லன்னா நாம இங்க பேசிக்கினு இருக்க மாட்டோம்." ஸ்டெல்லா அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

கையின் கதை வேறு. தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் ஒரே ஓர் எலும்பு. அதைச் சுற்றிக்கொண்டு, எலும்போடு ஒட்டினாற்போல ஒரு நரம்பு கீழே இறங்குகிறது. மணிக்கட்டையும் விரல்களையும் மேலே தூக்கச் சொல்லும் உத்தரவெல்லாம் அந்த நரம்பு வழியாகத்தான் போகிறது. என் எலும்பு நேராக முறியாமல், ஈரத் துணியைப் பிழிந்த மாதிரி முறுக்கிக்கொண்டு உடைந்திருந்தது. அதில் நரம்பு மாட்டிக்கொண்டது. மாட்டி நசுங்கியதா, அறுந்ததா என்பது திறந்து பார்த்தால்தான் தெரியும். நசுங்கியது என்றால் திரும்ப வரலாம். அறுந்தது என்றால் நான் இடது கையில் எழுதப் பழக வேண்டும்.

ரத்தம், ஈசிஜி, மயக்க மருந்து டாக்டரின் கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெஞ்சு, ஒவ்வொரு பெஞ்சிலும் ஒரு மணி நேரம். எனக்கு எதிரில் தடுப்பூசி விளம்பரத்தில் ஒரு குழந்தை சிரித்துக்கொண்டே இருந்தது. ஆபரேஷனுக்குக் கூட்டிப்போகும்போது ஸ்டெல்லா என் கழுத்தில் மாதா படம் தைத்துத் தொங்கிய உத்தரியக் கயிற்றைக் கழற்றித் தன் கழுத்தில் போட்டுக்கொண்டாள். முழு மயக்கம் கொடுத்தார்கள். விழித்தபோது கைக்குள் ஒரு தகடும் ஆணிகளும் இருந்தன. டாக்டர் அம்மா வந்து நின்று சொன்னார்.

"நரம்பு அறுந்து போகல. நல்லா நசுங்கியிருக்குது. தானா வரணும். ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான் வளரும். மொதல்ல மணிக்கட்டு, அப்பறம் விரலுங்க, கடைசியாத்தான் கட்ட வெரலு. எப்பன்னு மட்டும் கேக்காதீங்க."

"வராமயும் போவலாமா?" என்றாள் ஸ்டெல்லா.

"போகலாம்மா," என்றார் அவர். பொய் சொல்லாததற்காக அவரை எனக்குப் பிடித்திருந்தது.

வார்டில் பக்கத்துக் கட்டிலில் கதிர்வேலு என்று ஒருவர், மரக்காணம் பக்கம் கடலோரக் குப்பம். படகில் வலை இழுக்கும் எந்திரத்தில் கயிறு சுற்றி இரண்டு விரல்களை எடுத்துவிட்டது. நல்ல பேச்சுக்காரர்.

"வாத்தியாரே, வுழறப்போ மனசுல இன்னா ஓடிச்சி?"

"ஒண்ணும் ஓடல."

"அதான்! எனக்கும் அப்படித்தான். வெரலு போயிக்கினு கீது, நான் பாட்டுக்கு பாத்துக்கினு கீறேன். வூட்டுக்காரி கேட்டா நம்ப மாட்டேங்கிறா."

அவர் மனைவி தினமும் வேகவைத்த மல்லாட்டை கொண்டுவருவார். இரண்டு ஆண்களுக்கும் சேர்த்து இரண்டு நல்ல கைகள்தான் இருந்தன. உரிக்க முடியாது. அந்த அம்மா கட்டிலுக்கு நடுவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் உரித்து, எனக்கு ஒரு டம்ளர், அவருக்கு ஒரு டம்ளர் என்று பிரித்து வைத்துவிட்டுத்தான் பஸ்ஸுக்குப் போவார். என் பெயர்கூட அவருக்குத் தெரியாது.

என் புறங்கையில் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஓரிடம் முழுசாக மரத்திருந்தது. ஒருநாள் அங்கே கொசு உட்கார்ந்தது. வயிறு சிவக்கிற வரைக்கும் குடித்தது. எனக்கு எதுவும் தெரியவில்லை. இடது கையால் அடித்திருக்கலாம், அடிக்கவில்லை. அது எழுந்து பறக்க முடியாமல் பறந்து போனதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நாட்களில் நான் எப்படி இருந்தேன் என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். பார்க்க வந்தவர்கள் அழுதார்கள், நான் அவர்களுக்கு ஹார்லிக்ஸ் கலக்கச் சொன்னேன்.

பார்க்க வந்தவர்கள் காரணமும் கொண்டுவந்தார்கள். செல்போன் டவர்தான் சிக்னலைக் கெடுத்தது என்றார் ஒருவர். மேலே போகும் உயர் அழுத்த மின் கம்பி என்றார் இன்னொருவர். சிக்னல் கட் ஆனதால்தான் வண்டி பேயாக ஓடியது என்பதில் மட்டும் எல்லோருக்கும் ஒற்றுமை. கதவோரம் நின்றுகொண்டு ஜெரோம் ஒரே ஒரு முறை சொன்னான்: "சிக்னல் போனா தானா வேகம் கொறஞ்சி நின்னுடும் மாமா. இந்த போர்டுல அப்படித்தான் வெச்சிருக்கான். நானே ரிமோட்ட ஆப் பண்ணிப் பாத்திருக்கேன்." யாரும் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஸ்டெல்லா தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

அதற்கு அடுத்த நாள் மூக்குக்கண்ணாடியைத் தேடினேன். விழுந்த அன்று என் மேலிருந்த பொருட்களை எல்லாம் ஒரு துணிப்பையில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தார்கள். ஸ்டெல்லா கேண்டீனுக்குப் போயிருந்தாள். இடது கையால் துழாவினேன். வாட்ச் வந்தது, பர்ஸ் வந்தது, கயிறு அறுக்கப்பட்ட ரிமோட் வந்தது.

கவரோடு இருந்தது. ஒரு பக்க ரப்பர் பேண்டு நகர்ந்து, மடித்து வைத்திருந்த பிளாஸ்டிக் அவிழ்ந்து, அதன் ஒரு மடிப்பு உருளைக்கும் கூட்டுக்கும் நடுவில் இருந்த சந்தில் போய்ச் சிக்கியிருந்தது. உருளை இன்னும் முன்னாலேயே நின்றது. அதாவது, என் விரல் விட்டுப் பல நாள் ஆன பிறகும் அந்த ரிமோட் 'ஓடு, ஓடு' என்று சொல்லிக்கொண்டிருந்தது. இடது கையில் ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு பல்லால் அந்த மடிப்பைக் கடித்து இழுத்தேன். கிழிந்துகொண்டு வந்தது. உருளை 'டக்' என்று நடுவுக்கு வந்தது.

 ஹெல்மெட் போடச் சொன்னவளும் அவள்தான், இதைப் போட்டவளும் அவள்தான். இரண்டும் ஒரே அக்கறையில் வந்தவை. எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நல்லது, எதுவாவது வருகிறதே என்று இருந்திருக்கும். ரிமோட்டைத் துண்டில் சுற்றிப் பையின் அடியில் வைத்தேன்.

ஜெரோம் வந்ததும் அவனிடம் மட்டும் சொன்னேன். பையை எடுத்துக் காட்டினேன். அவன் உருளையைத் தள்ளிப் பார்த்தான், விட்டுப் பார்த்தான். ஒவ்வொரு முறையும் ஒழுங்காகத் திரும்பி வந்தது. கண் கலங்கிவிட்டது அவனுக்கு.

"ஸ்டெல்லாகிட்ட நான் சொல்லிடறேன்டா. உன்மேல பழி எதுக்கு?"

"வாணாம் மாமா." கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டான். "என்ன திட்டனா அக்காவுக்கு ஆறிப்பூடும். தன்னத் தானே திட்டிக்கினா ஆறவே ஆறாது. அக்காவப்பத்தி உங்களுக்குத் தெரியாதா? உங்க கை வந்துட்டா தானா பேசிடப் போவுது."

"வரலைன்னா?"

அவன் ரிமோட்டைத் திரும்பவும் துண்டில் சுற்றி வைத்தான். லீவு முடிந்து அவன் கிளம்பிய அன்று நான் டிஸ்சார்ஜ் ஆகி வீட்டில் இருந்தேன். வாசலில் நின்று, "அக்கா, வர்றேன்," என்றான். உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. அது நிற்கவே இல்லை. அவன் போன பிறகும் கழுவிக்கொண்டே இருந்தாள். அன்று காலையில் நாங்கள் சாப்பிட்டது இட்லி, கழுவ இருந்தது மூன்றே தட்டு.

பில் விஷயத்தை எழுத ஆரம்பித்தால் இந்தக் கட்டுரை அழுகையாகிவிடும். ஸ்டெல்லாவின் வளையல்கள் கொஞ்ச காலம் வீட்டில் இல்லை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

பள்ளி திறந்தது. மணிக்கட்டு விழாமலிருக்க ஒரு பட்டை கட்டியிருந்தார்கள். சாக்பீஸ் பிடித்தால் விரல்கள் மூடிக்கொள்ளும், திறக்காது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, நான் வாயால் சொல்ல அவர்கள் பலகையில் எழுதினார்கள். அவர்கள் போடும் ஈக்குவல் குறியெல்லாம் படுத்துக்கொண்டும் சாய்ந்துகொண்டும் இருந்தன. பின் பெஞ்சில் எவனோ, "சார், பலக உங்களுக்கு ஒத்துக்கல சார்," என்றான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

நரம்புச் சோதனைக்கு மறுபடி விழுப்புரம். மெல்லிய ஊசியைச் சதைக்குள் செலுத்தி, நரம்பில் கரண்ட் ஓடுகிறதா என்று திரையில் பார்ப்பார்கள். "தூக்க ட்ரை பண்ணுங்க" என்பார் அந்த டெக்னீஷியன். திரையில் கோடு நேராகப் படுத்திருந்தது. கடைசியில் ஓரிடத்தில் மட்டும் துளி அசைந்தது. "இது நல்லதா?" என்று ஸ்டெல்லா கேட்டாள். "கெட்டது இல்ல," என்றார் அவர். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் என் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, விரல் விரலாக நீட்டி விட்டுக்கொண்டே வந்தாள். தினமும் காலையும் மாலையும் அதைச் செய்தாள். இறுகிவிடக் கூடாது என்று பிசியோதெரபி அம்மா சொல்லியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெரோம் எனக்குப் போன் செய்வான். மணி அடித்ததும் ஸ்டெல்லா எழுந்து சமையல்கட்டுக்குப் போய்விடுவாள்.

"அக்கா எங்க மாமா?"

"கோவிலுக்குப் போயிருக்கா."

"சாயங்காலத்துல இன்னா பூச மாமா?" என்பான். பிறகு பேச்சைப் பலகைப் பக்கம் திருப்பிவிடுவான். அதைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் நிறையப் பேசினோம். இதைப் படிக்கிற யாராவது அப்படி ஒன்றை வாங்குவதாக இருந்தால் கேட்டுக்கொள்ளுங்கள். ரிமோட்டின் தொடர்பு போனால் எல்லாப் பலகையும் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது. சிலது மெல்ல நிற்கும். சிலது சட்டென்று பிரேக் போட்டு மேலே நிற்பவனைத் தூக்கி எறியும். மட்டமான சிலது கடைசியாகக் கேட்ட உத்தரவையே பிடித்துக்கொண்டு ஓடும். உங்களுடையது எந்த ரகம் என்பதை ஏறுவதற்கு முன்னால், பலகையைத் தலைகீழாகப் போட்டுச் சக்கரத்தைச் சுற்றவிட்டு, ரிமோட்டை ஆப் செய்து பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் உருளையை முழுசாகத் தள்ளிவிட்டு விரலை எடுங்கள், தானாக நடுவுக்கு வருகிறதா என்று பாருங்கள். வேகத்தைக் குறைந்த அளவிலேயே வையுங்கள். ரோடு முடிகிற இடத்தை நோக்கி ஓட்டாதீர்கள். ஹெல்மெட் போடுங்கள். ரிமோட்மேல் எதையும் சுற்றாதீர்கள், எதையும்.

காலாண்டுத் தேர்வு விடைத்தாள்கள் கட்டுக் கட்டாக வீட்டுக்கு வந்திருந்தன. இடது கையால் மார்க் போட்டுக்கொண்டிருந்தேன். ஸ்டெல்லா கீழே உட்கார்ந்து சீரியல் பார்த்துக்கொண்டே பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். நான் குளித்துவிட்டு வந்ததால் கைப்பட்டையைக் கட்டவில்லை. தலையணைமேல் வைத்திருந்த வலது கையிடம் வழக்கம்போல 'தூக்கு' என்றேன். தினமும் சொல்வதுதான். பல் விளக்குவது போல ஒரு வேலை.

மணிக்கட்டு எழுந்தது.

கொஞ்சம்தான். ஒரு விரற்கடை இருக்கும். உடனே விழுந்தது. மறுபடி சொன்னேன், மறுபடி எழுந்தது.

"ஸ்டெல்லா, இங்க பாரு."

திரும்பினாள். எழுந்து வந்தாள். "இன்னொருவாட்டி," என்றாள். காட்டினேன். பூண்டுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு என் கைக்குக் கீழே தன் கையை நீட்டி வைத்தாள், தொடாமல். என் கை அவள் கையிலிருந்து எழும்பியது.  அத்தனை மாதத்தில் முதல்முறையாக எனக்கு ஏதோ ஒன்று வந்தது. அது பயம். இத்தனை நாளாகப் பட்டிருக்க வேண்டிய பயம் முழுவதும் அப்போதுதான் வந்து சேர்ந்தது. வலது கையை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அவள் என்னைச் சமாதானப்படுத்தவில்லை. என் போனை எடுத்து ஜெரோமுக்கு அடித்தாள். ஸ்பீக்கரில் போட்டாள்.

"சொல்லுங்க மாமா."

"டேய்," என்றாள்.

 "அக்கா?"

"தூக்கிட்டாருடா."

அவன் அழுவது கேட்டது. இவள் அழவில்லை. நின்றவாக்கில் போனைப் பார்த்துப் பேசினாள். "நான்தான்டா. அந்தக் கவரு. ஆஸ்பத்திரியில கடைசி நாளு துண்ட எடுக்கறப்பவே பாத்துட்டேன். கவரு கிழிஞ்சி, இவரு பல்லு பதிஞ்சி கெடந்திச்சி. அத்தினி பேரு எதிர்ல உன்ன திட்டிட்டு, அப்பறம் எந்த மூஞ்சிய வெச்சிக்கினு உங்கிட்ட பேசறது? நீ வாசல்ல நின்னு வர்றேன்னு சொன்ன. எனக்கு வெளிய வர கால் வரலடா."

"எனக்குத் தெரியும்க்கா."

"இன்னா தெரியும்?"

"கவரு. மாமா அப்பவே சொன்னாரு. நான்தான் உங்கிட்ட சொல்ல வாணாம்னேன்."

ஸ்டெல்லா என்னைத் திரும்பிப் பார்த்தாள். டிவியில் யாரோ மாமியார் மருமகளைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தாள். "மொதல்ல அந்த டிவிய கொறைங்க," என்றாள், குரல் உடைய.

டிவி ரிமோட் என் வலது பக்கம் கிடந்தது. யோசிக்காமல் வலது கையாலேயே எடுத்துச் சத்தம் குறைக்கும் பட்டனை அமுக்கினேன். அமுக்க முடிந்தது. விரலை எடுக்கத்தான் முடியவில்லை. கட்டை விரல் கடைசியாகத்தான் வரும் என்று டாக்டர் அம்மா சொன்னாரே, அது சரிதான். தூக்க முயன்றால் கை முழுவதும் இறுகி விரல் இன்னும் அழுந்தியது. மாமியாரின் சத்தம் குறைந்து, குறைந்து, இல்லாமலே போய்விட்டது.

ஸ்டெல்லா என் பக்கத்தில் உட்கார்ந்தாள். தன் விரலால் என் கட்டை விரலைத் தூக்கி விட்டாள். ரிமோட்டை வாங்கி இரண்டு பக்கத்து ரப்பர் பேண்டையும் கழற்றினாள். கவரை உருவினாள். உள்ளே எண்கள் கடையில் வாங்கிய அன்று இருந்தபடி பளிச்சென்று இருந்தன. அதைக் கையில் வைத்துக்கொண்டு அப்போதுதான் அழ ஆரம்பித்தாள், சத்தம் வராமல்.

"அக்கா?" என்றது போன். "அக்கா, இருக்கியா? சிக்னல் போயிடுச்சா?"

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு போனைப் பக்கத்தில் இழுத்தாள்.

"சிக்னல்லாம் நல்லாத்தான்டா இருக்குது," என்றாள். "நான்தான் பேசாம இருந்தேன்."